ஆங்கிலச் சொல்லையும் வாக்கியத்தையும் பகுத்துப் பார்க்க ஒரே முறை போதுமா?

நீளமான ஆங்கிலச் சொற்களை முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று பிரிக்க முயலும்போது சில சொற்கள் எளிதாகப் பிரிந்துவிடுகின்றன. சில சொற்கள் எந்த இடத்தில் வெட்டினாலும் பொருந்தாமல் நிற்கின்றன. வாக்கியத்திலோ, ஒவ்வொரு சொல்லும் பெயரா வினையா என்று தனித்தனியே சொல்ல முடிந்தாலும், வாக்கியம் மொத்தமாக எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது பிடிபடுவதில்லை. இவ்விரண்டுக்கும் ஒழுங்கான முறை ஏதேனும் உண்டா என்பது கேள்வி. உண்டு, அதுவும் சொல்லுக்கு ஒன்று, வாக்கியத்துக்கு வேறொன்று என்று இரண்டு முறைகள் தேவையில்லை. பொருளை வைத்து ஊகிப்பதைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, ஒரு துண்டு வேறு எங்கெல்லாம் வருகிறது, அதன் இடத்தில் வேறு எது வரமுடியும் என்று சோதித்து, ஒவ்வொரு தடவையும் இரண்டாக வெட்டிக்கொண்டே உள்ளே போவதுதான் அந்த முறை. கீழே ஆங்கிலச் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமாகும் இடங்களில் மட்டும் எழுத்தின் பெயரைச் சொல்கிறேன்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்த வேலையில் பாதி முன்பே தெரியும். நன்னூல் பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்புகளைச் சொல்கிறது. 'நடந்தனன்' என்பதை நட + த்(ந்) + த் + அன் + அன் என்று பிரித்து, இந்தத் 'த்' இறந்தகாலம் காட்டுகிறது, கடைசி 'அன்' ஆண்பால் காட்டுகிறது என்று பள்ளியில் எழுதியவர் ஏற்கெனவே உருபன் பகுப்பாய்வு செய்திருக்கிறார். பொருளோ இலக்கணப் பணியோ கொண்ட மிகச்சிறிய துண்டைத்தான் இன்றைய மொழியியல் உருபன் என்கிறது. ஆங்கிலத்துக்கு வரும்போது புதிதாகக் கற்கவேண்டியது ஒன்றுதான். தமிழில் உறுப்புகள் பெரும்பாலும் பகுதிக்கு வலப்பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதால், எது முதலில் சேர்ந்தது என்ற கேள்வி எழுவதே அரிது. ஆங்கிலத்தில் ஒட்டுகள் இரு பக்கமும் சேர்வதால், சேர்ந்த வரிசையைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'டீச்' என்ற வினையை 'டீச்சர்' என்ற பெயராக்கும் '-அர்' புதிய சொல்லை உண்டாக்குகிறது. இதை ஆக்க ஒட்டு எனலாம். 'டீச்சர்' என்பதை 'டீச்சர்ஸ்' ஆக்கும் '-எஸ்' புதிய சொல் எதையும் உண்டாக்குவதில்லை. அதே சொல்லை வாக்கியத்தில் பொருத்துவதற்கான வடிவத்தை மட்டும் தருகிறது. இது இலக்கண ஒட்டு. ஆக்க ஒட்டுகள் ஏராளம். இலக்கண ஒட்டுகளோ, வழக்கமான கணக்கின்படி, எட்டே எட்டு: பெயருக்குப் பன்மையும் உடைமையும், வினைக்குப் படர்க்கை ஒருமை நிகழ்கால '-எஸ்', இறந்தகாலம், '-இங்', இறந்தகால எச்ச வடிவம் என நான்கு, பெயரடைக்கு ஒப்பீட்டு '-அர்', உச்ச '-எஸ்ட்' என இரண்டு. இலக்கண ஒட்டு எப்போதும் ஆக்க ஒட்டுக்கு வெளியில்தான் நிற்கும். எனவே சொல்லை வெட்டத் தொடங்கும்போது முதலில் கழற்றவேண்டியது இலக்கண ஒட்டைத்தான். ஒரே தோற்றம் இரண்டு வேலை செய்வதையும் இங்கே கவனிக்க வேண்டும். 'டீச்சர்' என்பதிலும் 'டாலர்' (அதிக உயரமான) என்பதிலும் இறுதியில் இருப்பது எழுத்தாலும் ஒலியாலும் ஒன்றுதான். ஆனால் முன்னது வினையோடு சேர்ந்து பெயரைத் தருகிறது, பின்னது பெயரடையோடு சேர்ந்து பெயரடையாகவே நிற்கிறது. ஆகவே அவை இரண்டு உருபன்கள்.

இதற்கு நேர்மாறாக, ஒரே உருபன் பல தோற்றங்களில் வருவதும் உண்டு. பன்மை ஒட்டு 'கேட்ஸ்' (பூனைகள்) என்பதில் 'ஸ்' என்றும், 'டாக்' (நாய்) என்பதன் பன்மையில் அதிர்வுடைய இசட் ஒலியாகவும், 'பஸ்' என்பதன் பன்மையில் முன்னே ஒரு சிறு உயிரொலியோடும் ஒலிக்கிறது. எது வரும் என்பதை முந்தைய ஒலி தீர்மானிக்கிறது. பேசுபவர்கள் இதை ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்வதில்லை. 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், 'வக்' என்று தாமே பெயர் சூட்டிய ஓர் இல்லாத உயிரினத்தின் படத்தைச் சிறு குழந்தைகளிடம் காட்டி, இரண்டு இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். இதற்குமுன் கேட்டே இராத அந்தச் சொல்லுக்கும் பெரும்பாலான குழந்தைகள் சரியான பன்மை ஒலியைச் சேர்த்தார்கள். விதி மனத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். 'ஆக்ஸ்' (எருது) 'ஆக்ஸன்' ஆவதும், 'மவுஸ்' (எலி) உள்ளிருக்கும் உயிரொலி மாறி 'மைஸ்' ஆவதும், 'ஷீப்' (செம்மறியாடு) மாறாமலே நிற்பதும் பழைய ஆங்கிலத்தின் எச்சங்கள்; அவற்றை அப்படியே கற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இனி அடுக்கு என்ற செய்திக்கு வருகிறேன். சொல் பகுப்பில் முக்கியமான இடம் இதுவே என்பது என் கருத்து. 'அன்ஹேப்பினஸ்' (மகிழ்ச்சியின்மை) என்பதில் மூன்று துண்டுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். முதல் வெட்டு எங்கே என்பதே கேள்வி. '-னஸ்' என்பது பெயரடையோடு சேர்ந்து பெயரைத் தருவது. 'அல்லாத' என்னும் பொருளுடைய 'அன்-' பெயரடையோடுதான் இயல்பாகச் சேரும், பெயரோடு சேர்வது மிக அரிது. ஆகவே 'ஹேப்பி' முதலில் 'அன்ஹேப்பி' ஆகி, அந்த முழுமையின்மேல் '-னஸ்' ஏறியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். முதல் வெட்டு 'அன்ஹேப்பி', '-னஸ்' என்ற இரண்டுக்கும் இடையே. இது நுணுக்கத்துக்காகச் செய்யும் நுணுக்கம் அன்று என்பதை 'அன்லாக்கபிள்' என்ற சொல் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இன்னொரு 'அன்-' உண்டு. அது வினையோடு சேர்ந்து, செய்ததை மீட்டெடுப்பதைக் குறிக்கும். 'லாக்' (பூட்டு) என்ற வினையோடு அது சேர்ந்து 'அன்லாக்' (பூட்டைத் திற) ஆகி, பின்பு '-அபிள்' சேர்ந்தால், சொல்லுக்குத் 'திறக்கக்கூடிய' என்று பொருள். மாறாக, 'லாக்' முதலில் 'லாக்கபிள்' (பூட்டக்கூடிய) ஆகி, பின்பு பெயரடையோடு சேரும் 'அன்-' வந்தால், 'பூட்டவே முடியாத' என்று பொருள். துண்டுகளும் அவற்றின் வரிசையும் மாறவில்லை. சேர்ந்த அடுக்கு மட்டும் மாறியிருக்கிறது, பொருளோ ஏறக்குறைய எதிராகிவிட்டது.

'இன்டர்நேஷனலைசேஷன்' போன்ற நெடுஞ்சொல்லையும் வெளியிலிருந்து இப்படியே உரிக்கலாம். கடைசியில் இருப்பது வினையைப் பெயராக்கும் ஒட்டு. அதைக் கழற்றினால் '-ஐஸ்' என்று முடியும் வினை கிடைக்கிறது. அதையும் கழற்றினால் 'இன்டர்நேஷனல்' என்ற பெயரடை மிஞ்சுகிறது. இந்த இடத்தில் சிலர் 'இன்டர்நேஷன்' என்று வெட்டிவிடுகிறார்கள். அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. 'நேஷனல்' என்பது உண்டு, அதன்மேல் 'இன்டர்-' ஏறியிருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்பும் கையில் மிஞ்சுவது வழக்கிலுள்ள சொல்லாக இருக்கிறதா, ஒட்டு தனக்குரிய சொல்வகையோடுதான் சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்டால் போதும்.

பிரிய மறுக்கும் சொற்களில் மூன்று விதம் உண்டு. முதலாவது, பிரிவதுபோல் தோன்றி ஏமாற்றுபவை: 'கார்னர்' (மூலை) என்பதில் 'கார்ன்' (தானியம்) என்ற சொல்லும் இல்லை, செய்பவரைக் குறிக்கும் '-அர்' ஒட்டும் இல்லை. இரண்டாவது, ஒரு பாதி மட்டும் அடையாளம் தெரிபவை: 'கிரான்பெரி' என்பதில் 'பெரி' தெரிகிறது, 'கிரான்' இன்றைய ஆங்கிலத்தில் வேறெங்கும் தனிப்பொருளோடு வருவதில்லை; ஆனாலும் அது ஒரு பெரியை மற்றப் பெரிகளிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைச் செய்வதால் அதையும் உருபன் என்றே கொள்கிறார்கள். மூன்றாவதுதான் சுவையானது. 'ரிசீவ்', 'டிசீவ்', 'கன்சீவ்', 'பெர்சீவ்' ஆகிய நான்கிலும் வரும் 'சீவ்' என்பதற்கு இன்றைய ஆங்கிலத்தில் பொருளே இல்லை. 'பிடி', 'எடு' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து அது வந்தது என்பது வரலாறு மட்டுமே. இருந்தும் இந்த நான்கும் பெயராகும்போது ஒரே மாதிரியாக 'ரிசெப்ஷன்', 'டிசெப்ஷன்', 'கன்செப்ஷன்', 'பெர்செப்ஷன்' என்று மாறுகின்றன. பொருள் இல்லாவிட்டாலும் நடத்தையில் ஒற்றுமை இருக்கிறது. உருபனுக்குப் பொருள் கட்டாயம் வேண்டும் என்ற பாடநூல் வரையறை தடுமாறும் இடம் இது. பொருளைவிட நடத்தையை முதலில் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் இத்தகைய லத்தீன் அடுக்கு ஒன்று இருப்பதற்கு வரலாறு காரணம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் புகுந்தன; அறிஞர்கள் நேரடியாக லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் கடன் வாங்கியது பின்னும் தொடர்ந்தது. அதனால் ஒட்டுகளிலும் இரண்டு குடிகள் உண்டு. 'அன்-', '-னஸ்' போன்ற பழைய ஜெர்மானிய ஒட்டுகள் தாம் சேரும் சொல்லின் ஒலியைத் தொடுவதில்லை: 'அன்லாஃபுல்', 'அன்ரியல்'. லத்தீன் வழி வந்த 'இன்-' அடுத்து வரும் ஒலிக்கேற்பத் தானே திரிந்து, 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என்று நிற்கும். தமிழில் மெய்ம்மயக்கமும் புணர்ச்சியும் பழகியவருக்கு இதில் வியப்பு இராது. அவ்வாறே '-இட்டி' என்ற ஒட்டு சேரும்போது 'எலெக்ட்ரிக்' என்பது 'எலெக்ட்ரிசிட்டி' ஆகி, அழுத்தமும் இடம் மாறி, 'க்' ஒலி 'ஸ்' ஒலியாகிறது. எழுத்தில் மட்டும் அங்கே 'சி' என்ற எழுத்து அசையாமல் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திட்டுவோர் இதைக் கவனிக்கலாம்: 'சைன்' (கையொப்பமிடு) என்பதில் ஒலிக்காத 'ஜி' எழுத்து, 'சிக்னேச்சர்' என்பதில் ஒலிக்கிறது. பல இடங்களில் ஆங்கில எழுத்து ஒலியை அன்றி உருபனைக் காத்து நிற்கிறது. ஆகவே பகுப்பாய்வில் எழுத்துக்கூட்டல் நமக்கு உதவியே.

சொல்லின் வரலாற்றுப் பிரிப்பும் இன்றைய பிரிப்பும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. 'ஹெலிகாப்டர்' கிரேக்கத்தில் சுருளைக் குறிக்கும் சொல்லும் இறக்கையைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது. முறைப்படி 'ஹெலிகோ', 'ப்டர்' என்றுதான் பிரிய வேண்டும். ஆங்கிலம் பேசுவோர் அதை 'ஹெலி', 'காப்டர்' என்று வெட்டி, 'ஹெலிபேட்' என்று புதுச்சொல்லும் செய்துவிட்டனர். பட்டாணியைக் குறித்த பழைய சொல் 'பீஸ்'. அதன் இறுதி ஒலி வேரின் பகுதியாகவே இருந்தது. அதைப் பன்மை ஒட்டென்று எண்ணிக் கழற்றியதில் 'பீ' என்ற ஒருமை பிறந்தது. இவற்றைத் தவறென்று ஒதுக்குவதைவிட, பேசுபவர்கள் தம்மை அறியாமலே பகுப்பாய்வு செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்கான சான்றாகக் கொள்வதே நல்லது.

கூட்டுச்சொற்களில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. இரு மொழிகளிலும் தலைமைச் சொல் வலப்பக்கம்தான் நிற்கிறது. 'ஹவுஸ்போட்' ஒரு வகைப் படகு, 'போட்ஹவுஸ்' ஒரு வகைக் கட்டடம். 'பிக்பாக்கெட்' என்பது ஒரு வகைப் பையும் அன்று. அது சொல்லுக்கு வெளியே இருக்கும் ஓர் ஆளைக் குறிக்கிறது. 'பொற்றொடி வந்தாள்' என்பதில் தொடியை விட்டு அதை அணிந்தவளைக் கொள்கிறோமே, அந்த அன்மொழித்தொகையின் வழியில்தான் இதுவும் நடக்கிறது. கூட்டுச்சொல்லா, தனித்தனிச் சொற்களா என்பதை அழுத்தம் பெரும்பாலும் காட்டிவிடும்: 'கிரீன்ஹவுஸ்' என்று முன்பகுதியை அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம், பின்பகுதியை அழுத்தினால் பச்சை நிற வீடு.

சொல்லுக்குள்ளேயே நின்று பார்த்தால் ஓரளவுக்கு மேல் போக முடியாது. 'ரவுண்ட்' என்ற சொல் எந்த ஒட்டும் ஏற்காமலே பெயராகவும், வினையாகவும், பெயரடையாகவும், வினையடையாகவும், முன்னிடைச்சொல்லாகவும் வரும். எது என்று சொல்வது வாக்கியத்தில் அது நிற்கும் இடம்தான். இங்கேதான் பள்ளியில் கற்ற வரையறைகள் கைவிடுகின்றன. 'செயலைக் குறிப்பது வினை' என்றால், 'டிஸ்ட்ரக்ஷன்' (அழிப்பு) செயலைத்தானே குறிக்கிறது? அது பெயர் என்று நமக்குத் தெரிவது, அதற்கு முன்னே 'த' வருவதாலும், அது பன்மையோ உடைமையோ ஏற்பதாலும், அதற்குமுன் வருவது வினையடையாக இல்லாமல் பெயரடையாக இருப்பதாலும்தான். பொருள் தெரியாத இடத்திலும் இந்தச் சோதனை வேலை செய்யும். 'த ப்ளிம்ஸ் க்ரான்டெட் எ ஸ்னோல்' என்று நான் இப்போது கற்பித்த வாக்கியத்தில் 'த', 'எ' என்ற இரண்டைத் தவிர வேறு ஒரு சொல்லுக்கும் பொருள் இல்லை. ஆயினும் 'ப்ளிம்ஸ்' பன்மைப் பெயர், 'க்ரான்டெட்' இறந்தகால வினை, 'ஸ்னோல்' ஒருமைப் பெயர் என்று எவரும் சொல்லிவிடலாம். ஒட்டும் இடமும் சேர்ந்து வகையைத் தருகின்றன.

எட்டுச் சொல்வகை என்ற கணக்கே டயொனீசியஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. 1586இல் வில்லியம் புல்லோக்கர் எழுதிய முதல் ஆங்கில இலக்கணம் லத்தீன் அச்சிலேயே வார்க்கப்பட்டது. பின்வந்தவர்களும் நெடுங்காலம் அந்த அச்சை விடவில்லை. பெயரும் வினையுமே சொல், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வருபவை என்ற தொல்காப்பியத்தின் பார்வை, புதுச்சொற்களை ஏற்கும் வகைகளையும் எளிதில் ஏற்காத இலக்கணச் சொற்களையும் பிரித்துப் பார்க்கும் இன்றைய மொழியியலுக்கு அந்த எட்டைவிட நெருக்கமாகவே எனக்குத் தோன்றுகிறது.

வாக்கியத்தைப் பகுக்கும்போதும் இரண்டிரண்டாக வெட்டுவதே வழி. அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் புளூம்ஃபீல்ட் 1933இல் இதை அண்மையுறுப்புகள், அதாவது ஒரு வெட்டில் நேரடியாகக் கிடைக்கும் துண்டுகள், என்ற கருத்தாக வகுத்தார். வாக்கியத்தின் வெட்டுகளைக் கிளைகளாகக் காட்டி இன்று வரையப்படும் மரப்படங்கள் அனைத்திலும் அதன் சாயல் உண்டு. எங்கே வெட்டுவது என்பதற்குச் சோதனைகள் உள்ளன. 'ஷி லுக்ட் அப் த வேர்ட்' (அவள் அகராதியில் அந்தச் சொல்லைப் பார்த்தாள்), 'ஷி வாக்ட் அப் த ஹில்' (அவள் குன்றின்மேல் நடந்து ஏறினாள்) என்ற இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். சொல்வரிசையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே உள்ளன. ஆனால் 'அப் த ஹில்' என்பதை அப்படியே வாக்கியத்தின் முன்னே கொண்டுபோகலாம். 'அப் த வேர்ட்' என்பதை அவ்வாறு கொண்டுபோக முடியாது. 'லுக்ட் த வேர்ட் அப்' என்று மாற்றலாம். 'வாக்ட் த ஹில் அப்' என்று மாற்ற முடியாது. ஆகவே இரண்டாவது வாக்கியத்தில் 'அப்' குன்றோடு சேர்ந்து ஓர் உறுப்பு. முதல் வாக்கியத்தில் 'அப்' வினையோடு சேர்ந்தது. இடம் பெயர்த்துப் பார்த்தல், ஒரே பதிற்சொல்லால் ஈடுசெய்து பார்த்தல், கேள்விக்குத் தனி விடையாக நிற்குமா என்று பார்த்தல் ஆகிய மூன்று சோதனைகளையும் செய்து, அவற்றில் ஒன்றையாவது தெளிவாகத் தாங்கும் சொற்கூட்டமே உறுப்பு. சோதனைகள் சில வேளை முரண்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோல்வியைவிடத் தேர்ச்சிக்கு எடை அதிகம்.

'அன்லாக்கபிள்' சொல்லில் கண்ட இருபொருள் வாக்கியத்திலும் அதே காரணத்தால் வருகிறது. 'வீ ரெட் த ரிப்போர்ட் ஆன் த ட்ரெயின்' என்பதற்கு, ரயிலில் இருந்தபடி அறிக்கையைப் படித்தோம் என்றும், ரயிலைப் பற்றிய அறிக்கையைப் படித்தோம் என்றும் பொருள் கொள்ளலாம். 'இட்' என்ற பதிற்பெயரை வைத்துப் பாருங்கள். 'வீ ரெட் இட் ஆன் த ட்ரெயின்' என்றால் முதல் பொருள் மட்டும் மிஞ்சுகிறது, ஏனெனில் 'இட்' ஈடுசெய்தது 'த ரிப்போர்ட்' என்பதை மட்டுமே. இரண்டாவது பொருளில் 'த ரிப்போர்ட் ஆன் த ட்ரெயின்' முழுவதும் ஒரே பெயர்த்தொடர் என்பதால் 'இட்' அந்த முழுமையையும் விழுங்கிவிடும்.

உடைமை காட்டும் '-எஸ்' இந்த இடத்தில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. 'த மேன் நெக்ஸ்ட் டோர்ஸ் கார்' என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் கார். ஒட்டு 'டோர்' என்ற சொல்லில் ஏறியிருக்கிறது. கார் கதவுக்குச் சொந்தமானது அன்று. அது சேர்ந்திருப்பது 'த மேன் நெக்ஸ்ட் டோர்' என்ற முழுத்தொடரோடு. இதனால்தான் பலர் அதை மற்ற ஏழு இலக்கண ஒட்டுகளோடு சேர்த்து எண்ணத் தயங்குகிறார்கள். சொல்லிலக்கணத்துக்கும் தொடரிலக்கணத்துக்கும் இடையே நாம் போட்ட வேலி அந்த அளவுக்கு உறுதியானது அன்று.

வினைத்தொடரில் ஒழுங்கு மிகக் கடுமையானது, ஆகவே பகுப்பதும் எளிது. 'த லெட்டர் மே ஹேவ் பீன் பீயிங் ரிட்டன்' (அப்போது கடிதம் எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்கலாம்) என்பது யாரும் அன்றாடம் சொல்லாத, ஆனால் இலக்கணத்தில் வழுவற்ற வாக்கியம். இதில் ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்து வருவதன் வடிவத்தைக் கட்டளையிடுகிறது. 'மே' வெறும் வினையடியைக் கேட்பதால் 'ஹேவ்' வந்தது. 'ஹேவ்' இறந்தகால எச்ச வடிவத்தைக் கேட்பதால் 'பீன்' வந்தது. தொடர்நிகழ்வைக் காட்டும் அந்த 'பீன்' '-இங்' வடிவத்தைக் கேட்பதால் 'பீயிங்' வந்தது. செயப்பாட்டைக் காட்டும் அந்த 'பீயிங்' மீண்டும் எச்ச வடிவத்தைக் கேட்பதால் 'ரிட்டன்' வந்தது. காலம் காட்டும் உரிமையும், கேள்வியில் எழுவாய்க்கு முன்னே தாவும் உரிமையும், 'நாட்' என்ற எதிர்மறையை ஏற்கும் உரிமையும் முதல் துணைவினைக்கு மட்டுமே உண்டு. துணைவினையே இல்லாத வாக்கியத்தில் அந்த வேலைகளைச் செய்ய 'டூ' வரவழைக்கப்படுகிறது. 'ஷி ரீட்ஸ்' என்பது கேள்வியாகும்போது '-எஸ்' ஒட்டு 'டூ' மீது ஏறி 'டஸ் ஷி ரீட்' என்றாகிறது. 'டஸ் ஷி ரீட்ஸ்' என்பது ஏன் பிழை என்பதற்கு, ஒரு வினைத்தொடரில் காலம் ஒருமுறைதான் குறிக்கப்படும் என்ற இந்த ஒரு வரியே விடை.

பன்னிரண்டு காலங்கள் என்ற பள்ளி அட்டவணையையும் இதே பார்வையில் சுருக்கலாம். ஒட்டால் காட்டப்படும் காலம் ஆங்கிலத்தில் இரண்டே: இறந்தகாலமும், இறந்தகாலம் அல்லாததும். எதிர்காலத்துக்கென்று வினையில் ஏறும் ஒட்டு இல்லை. 'வில்' போன்ற துணைவினைதான் அந்த வேலையைச் செய்கிறது. 'ஹேவ்' உண்டா இல்லையா, '-இங்' உண்டா இல்லையா என்ற இரண்டு தெரிவுகளை இறந்தகாலம், நிகழ்காலம், 'வில்' சேர்ந்த எதிர்காலம் என்ற மூன்று வரிசைகளோடு பெருக்கினால் கிடைப்பதே அந்தப் பன்னிரண்டு. பன்னிரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்வது வீண்வேலை என்றே நினைக்கிறேன்.

எழுவாயைக் கண்டுபிடிக்க 'செய்தவர் யார்' என்று கேட்பது செயப்பாட்டு வாக்கியத்தில் உதவாது. வாக்கியத்தின் இறுதியில் 'அல்லவா' என்னும் பொருளில் வரும் வால்கேள்வியைச் சேர்த்துப் பார்ப்பது நம்பகமான வழி. 'த லிஸ்ட் ஆஃப் த நேம்ஸ் ஆஃப் த வின்னர்ஸ் ஹேஸ் பீன் லாஸ்ட்' என்பதற்கு வால்கேள்வி 'ஹேஸன்ட் இட்'. 'இட்' ஒருமை, எனவே எழுவாய்த் தொடரின் தலைமைச் சொல் 'லிஸ்ட்' தான், வினைக்கு அருகில் நிற்கும் 'வின்னர்ஸ்' அன்று. அருகிலிருக்கும் பெயரைப் பார்த்து 'ஹேவ்' என்று எழுதிவிடும் பிழை இந்தச் சோதனையில் உடனே தெரிந்துவிடும். 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் 'இட்' எதையும் குறிப்பதில்லை. 'எனக்குப் பசிக்கிறது' என்று எழுவாயின்றியே தமிழ் நிம்மதியாக முடித்துவிடும் இடங்களிலும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுவாய் வேண்டும் என்பதுதான் அங்கே செய்தி.

இறுதியாக, நீண்ட வாக்கியங்கள். தமிழில் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னே வருகிறது. ஆங்கிலத்தில் அந்த விளக்கம் பெயருக்குப் பின்னே வருகிறது. 'ஜூனில் கூடிய குழு நிராகரித்த அறிக்கை மீண்டும் வெளியிடப்பட்டுள்ளது' என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் 'த ரிப்போர்ட் தட் த கமிட்டி விச் மெட் இன் ஜூன் ரிஜெக்டட் ஹேஸ் பீன் பப்ளிஷ்ட் அகெய்ன்' என்றாகும். எழுவாயின் தலைமைச் சொல் முதலிலேயே வந்துவிடுகிறது, அதன் வினையோ வெகுதூரம் தள்ளிப்போகிறது. இத்தகைய வாக்கியத்தை அணுகும்போது, காலம் காட்டும் முற்றுவினைகளை முதலில் எண்ண வேண்டும்: 'மெட்', 'ரிஜெக்டட்', 'ஹேஸ் பீன் பப்ளிஷ்ட்' என மூன்று. மூன்று முற்றுவினை என்றால் மூன்று உள்வாக்கியங்கள். அவற்றை இணைக்க 'தட்', 'விச்' என இரண்டு இணைப்புகள் உள்ளன. முற்றுவினைகளைவிட இணைப்புகள் ஒன்று குறைவாக இருக்கவேண்டும் என்பது நடைமுறையில் நன்றாக உதவும் கணக்கு. அடுத்து உள்ளேயிருந்து வெளியே வரவேண்டும்: 'விச் மெட் இன் ஜூன்' என்பதை மூடிவிட்டால், 'த கமிட்டி ரிஜெக்டட்' தெரிகிறது, அதையும் மூடிவிட்டால், 'த ரிப்போர்ட் ஹேஸ் பீன் பப்ளிஷ்ட் அகெய்ன்' என்ற முதன்மை வாக்கியம் மிஞ்சுகிறது.

இந்தக் கணக்கு பிசகும் இடங்கள் இரண்டு. ஒன்று, 'தட்' மறைந்து நிற்பது: 'த புக் ஷி பாட் வாஸ் லாஸ்ட்' (அவள் வாங்கிய புத்தகம் தொலைந்துவிட்டது) என்பதில் இரண்டு முற்றுவினைகள் இருந்தும் இணைப்பு இல்லை. பெயருக்கு அடுத்து, இடையில் எதுவுமின்றி, 'ஷி' போன்ற புதிய எழுவாய் தொடங்கினால், அங்கே ஒரு 'தட்' மறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மற்றொன்று, இறந்தகால வடிவமும் எச்ச வடிவமும் ஒன்றாகிப்போன வினைகள். 'த பாய் டோல்ட் த ஸ்டோரி லாஃப்ட்' என்பதைப் படிப்பவர், பையன் கதை சொன்னான் என்று எடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லில் முட்டிக்கொண்டு நிற்பார். உண்மையில் அங்கே 'டோல்ட்' எச்சம். கதை சொல்லப்பட்ட பையன் சிரித்தான் என்பதே பொருள். இரண்டு வடிவங்களும் வேறுபடும் ஒரு வினையை அந்த இடத்தில் வைத்து, 'த பாய் கிவன் த புக் லாஃப்ட்' என்று சொல்லிப்பாருங்கள். 'கேவ்' என்று இல்லாமல் 'கிவன்' என்று இருப்பதால் குழப்பமே எழுவதில்லை. ஐயம் வரும் இடத்தில் எல்லாம், வடிவங்கள் தனித்தனியே நிற்கும் ஒரு வினையை இப்படி மாற்றிவைத்துப் பார்த்தால், அங்கே இருப்பது முற்றா எச்சமா என்பது வெளிப்பட்டுவிடும்.